வழக்குத் தொடர்வதில்லை என்ற முடிவு: காரணத்தை யாரிடம் சொல்வது?

"தங்கள் புகார் தொடர்பான ஆவணங்கள் பரிசீலிக்கப்பட்டன. போதிய சான்று இல்லாததால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது." இந்த இரண்டு வரிகளோடு, புகார் கொடுத்த ஒருவருக்கு அரசு வழக்கறிஞரிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே கோப்பு எண், தேதி. கீழே ஒரு கையெழுத்து. எந்தச் சான்று போதவில்லை, யாருடைய வாக்குமூலத்தை நம்பவில்லை, கேமரா பதிவை யாராவது போட்டுப் பார்த்தார்களா, மருத்துவ அறிக்கையில் என்ன குறை என்று ஒரு சொல்லும் கிடையாது. மாதக்கணக்கில் காத்திருந்தவர் அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கிறார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.

அதே அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்டியிருந்தால் நிலைமையே வேறு. திறந்த நீதிமன்றம், சாட்சிகள், குறுக்கு விசாரணை, எழுத்தில் ஒரு தீர்ப்பு, அதன் மேல் ஒரு மேல்முறையீடு. குற்றம் சாட்டும் முடிவைப் பலர் பல கட்டங்களில் உரசிப் பார்க்கிறார்கள். சாட்டாமல் விடும் முடிவோ பெரும்பாலும் அதை எடுத்தவரின் மேசையிலேயே நின்றுவிடுகிறது. இந்த இடைவெளியை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. புதிதாக ஒரு முறையை வகுக்க நினைப்பவர்கள் இவற்றில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'வழக்கு வேண்டாம்' என்பதில் இரண்டு வகை உண்டு. இங்கிலாந்தின் அரசு வழக்குத் துறை தன் விதித்தொகுப்பில் இதைத் தெளிவாகவே இரண்டு படியாக வைத்திருக்கிறது. தண்டனை கிடைக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறதா என்பது முதல் படி. இருந்தாலும், வழக்கு நடத்துவது பொதுநலனுக்கு ஏற்றதா என்பது இரண்டாம் படி. முதல் படியிலேயே நின்றுபோன கோப்பில் சந்தேகிக்கப்பட்டவர் சட்டத்தின் பார்வையில் முழு நிரபராதி. அவர் பெயரைத் தெருவில் இழுத்துப் போட யாருக்கும் உரிமை இல்லை. இரண்டாம் படியில் நின்ற கோப்பு அப்படியல்ல. 'சான்று இருக்கிறது, ஆனாலும் நான் தொடரப் போவதில்லை' என்று ஒரு அரசு அதிகாரி சொல்கிறார். சட்டமன்றம் குற்றம் என்று எழுதியதை இந்த ஒரு விஷயத்தில் குற்றமாக நடத்த வேண்டாம் என்கிறார். அதற்கான காரணத்தைக் கேட்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. இந்த இரண்டையும் ஒரே 'போதிய காரணம் இல்லை' என்ற சொற்றொடருக்குள் போட்டு மூடுவதிலிருந்துதான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

இரண்டாம் வகைக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு 2008-ல் இங்கிலாந்தில் கிடைத்தது. ரக்பி விளையாட்டில் அடிபட்டு உடல் செயலிழந்த 23 வயது இளைஞர் ஒருவர் சுவிட்சர்லாந்து சென்று மருத்துவ உதவியுடன் தன் உயிரை முடித்துக்கொண்டார். உடன் சென்ற பெற்றோர் மீது தற்கொலைக்கு உதவிய குற்றத்துக்கு வழக்குப் போடலாமா என்ற கேள்வி வந்தது. அப்போது அரசு வழக்குத் துறை இயக்குநராக இருந்த கியர் ஸ்டார்மர் அந்த டிசம்பரில் தன் முடிவைக் காரணங்களோடு வெளியிட்டார். சான்று போதுமானதாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பெற்றோர் மகனைத் தடுக்க மன்றாடியதையும் மகன் தன் முடிவில் உறுதியாக இருந்ததையும் எடுத்துச் சொல்லி, பொதுநலன் வழக்கைக் கோரவில்லை என்று எழுதினார். உடன்படாதவர்கள் எதோடு உடன்படவில்லை என்பதை வரி வரியாகச் சொல்ல முடிந்தது. அடுத்த ஆண்டே, டெபி பர்டி என்ற நோயாளி தொடுத்த வழக்கில், இத்தகைய முடிவுகளை எந்த அளவுகோலால் எடுக்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்று அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். 2010 பிப்ரவரியில் அந்த அளவுகோல்கள் பொதுவில் வந்தன.

இனி முறைகளுக்கு வருவோம். மிகப் பழையதும் எளியதுமான முறை, ஒன்றும் சொல்லாமல் இருப்பது. அமெரிக்காவில் அரசு வழக்கறிஞரின் விருப்புரிமைக்குள் நீதிமன்றங்கள் பெரும்பாலும் நுழைவதில்லை. 1971-ல் அட்டிகா சிறைக் கிளர்ச்சியும் அதை அடக்கப் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூடும் சேர்ந்து 43 உயிர்களைக் கொண்டுபோயின. அதிகாரிகள் மீது வழக்குப் போட உத்தரவிடுங்கள் என்று கைதிகள் கேட்டபோது, 1973-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. யார் மீது வழக்கு என்பதை முடிவு செய்வது நீதிபதியின் வேலை அல்ல என்பது அதன் நிலை.

மௌனத்துக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு, அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. 2016 ஜூலை 5 அன்று எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி பத்திரிகையாளர்கள் முன் நின்று, ஹிலாரி கிளின்டன் மீது வழக்குக்குப் பரிந்துரைக்கவில்லை என்றார். அதே மூச்சில் கிளின்டனும் அவருடைய ஊழியர்களும் ரகசியத் தகவல்களை மிகுந்த அலட்சியத்தோடு கையாண்டதாகவும் சொன்னார். குற்றப்பத்திரிகை இல்லை, ஆகவே மறுத்துப் பேச நீதிமன்றமும் இல்லை. கண்டனம் மட்டும் நாடு முழுக்கப் போய்விட்டது. கோமி அரசு வழக்கறிஞர்கூட இல்லை, புலனாய்வு அமைப்பின் தலைவர். 2018-ல் நீதித் துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை இதைக் கடுமையாகக் குறை சொன்னது. 'வழக்கு இல்லை, ஆனால் ஆள் மோசம்' என்று அரசு பேசத் தொடங்கினால் அது விசாரணையே இல்லாத தண்டனை.

ஆனால் மௌனம் நிரபராதியை மட்டும் காப்பதில்லை. சிறுமிகள் மீதான பாலியல் குற்றங்களுக்காக விசாரிக்கப்பட்ட செல்வந்தர் ஜெஃப்ரி எப்ஸ்டீனின் விவகாரம் அதற்குச் சாட்சி. 2007 செப்டம்பரில் ஃபுளோரிடாவின் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர் அலுவலகம், கூட்டாட்சிக் குற்றங்களுக்கு வழக்குப் போடாதிருக்க அவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குச் சொல்லவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி மாதங்கள் கழிந்த பிறகும், விசாரணை நடக்கிறது, பொறுமையாக இருங்கள் என்று அவர்களில் சிலருக்குக் கடிதம் போயிற்று. 2019-ல் ஒரு நீதிபதி, இது பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டத்தை மீறியது என்றார். 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்தச் சட்டத்தை வைத்து இப்படியொரு தனி வழக்கே தொடர முடியாது என்று முடித்தது: குற்றப்பத்திரிகையே தாக்கல் ஆகாதபோது அந்த உரிமை தொடங்கவில்லை என்பது அதன் விளக்கம். இந்தத் தர்க்கத்தை நிதானமாகப் படித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. வழக்கைக் கைவிடும் முடிவுதான் பிரச்சினை. வழக்குப் போட்டால்தான் அதைப் பற்றிக் கேட்கும் உரிமையே வரும் என்றால் அந்த உரிமை யாருக்கு?

மௌனத்துக்கு நேர் எதிர்முனை, எல்லாவற்றையும் வெளியிடுவது. அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் 2014 ஆகஸ்ட் 9 அன்று 18 வயது மைக்கேல் பிரவுனை டேரன் வில்சன் என்ற போலீஸ் அதிகாரி சுட்டுக் கொன்றார். குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி 25 நாட்கள் கூடி 60 சாட்சிகளைக் கேட்டது. நவம்பர் 24 இரவு, வழக்கு இல்லை என்ற முடிவை மாவட்ட அரசு வழக்கறிஞர் ராபர்ட் மெக்கல்லாக் அறிவித்தார். அன்றிரவே சாட்சியப் பதிவுகள் ஆயிரக்கணக்கான பக்கங்களாகப் பொதுவில் கொட்டப்பட்டன. வெளிப்படைத்தன்மை என்று பார்த்தால் இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று தோன்றும். நகரம் எரிந்தது.

நூறு நாட்கள் கழித்து, 2015 மார்ச் 4 அன்று, அமெரிக்க நீதித் துறை அதே சம்பவத்தைப் பற்றித் தன் முடிவை வெளியிட்டது. அதுவும் 'வழக்கு இல்லை'தான். ஆனால் அது 86 பக்கத்தில் எழுதப்பட்ட ஒரு விளக்கம். சாட்சிகளை வகைப்படுத்தி, ஒவ்வொருவரும் என்ன சொன்னார், அது தடயவியல் முடிவோடு பொருந்துகிறதா, முன்பு சொன்னதிலிருந்து மாறினாரா, எதனால் ஒரு நீதிமன்றத்தில் அவர் சாட்சியம் நிற்காது என்று விவரித்திருந்தார்கள். பிரவுன் கைகளை உயர்த்தி நின்றார் என்ற, உலகமே முழக்கமாக்கிய வாக்குமூலங்களை ஏன் ஏற்க முடியவில்லை என்பதையும் தவிர்க்காமல் எழுதியிருந்தார்கள். அதே நாளில் அதே துறை, ஃபெர்குசன் காவல் துறை கறுப்பின மக்களிடம் எப்படிப் பாரபட்சத்தோடு அபராதம் பறித்து வந்தது என்பதை இன்னொரு அறிக்கையில் போட்டு உடைத்தது. போலீசைக் காப்பாற்றத்தான் எழுதினார்கள் என்று யாரும் எளிதில் சொல்ல முடியவில்லை.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒன்று: ஆவணத்தைக் கொடுப்பது வேறு, காரணத்தைக் கொடுப்பது வேறு. முதலாவதில் அரசு வழக்கறிஞர் படிக்கிற வேலையை மக்கள் தலையில் கட்டிவிட்டு விலகிக்கொள்கிறார். இரண்டாவதில் தன் தீர்மானத்தின் ஒவ்வொரு படிக்கும் தானே பொறுப்பேற்கிறார். இதே திசையில், கலிஃபோர்னியா 2015-ல் ஒரு சட்டம் இயற்றி, போலீஸ் கையில் நேரும் மரணங்களில் ரகசியமாகக் கூடும் கிராண்ட் ஜூரி குற்றப்பத்திரிகை முடிவு எடுப்பதையே தடை செய்தது. முடிவு யாருடையதோ அவர் பெயரிலேயே அது வரட்டும் என்பது நோக்கம். ஆனால் 2017-ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது.

நிறுவனங்கள் விஷயத்தில் வெளியீடு எளிது. வெளிநாட்டு லஞ்ச வழக்குகளில் தானாக முன்வந்து உண்மையைச் சொன்ன நிறுவனங்களை வழக்கின்றி விடும்போது, அமெரிக்க நீதித் துறை அந்தக் கடிதங்களை 2016 முதல் வெளியிட்டு வருகிறது. நிறுவனத்துக்கு மானம் போய்த் தூக்கம் கெடாது, மனிதருக்குக் கெடும். ஆகவே இந்த முறையை அப்படியே தனிமனிதர்களுக்கு நீட்ட முடியாது.

மூன்றாவது வழி நடுவில் நிற்கிறது: காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்வது, அவர் கேட்டால் மறுபரிசீலனை செய்வது. இங்கிலாந்தில் 2011-ல் கில்லிக் என்பவரின் வழக்கு இதைத் தொடங்கி வைத்தது. மூன்று பேர் அவர் மீது பாலியல் புகார் கொடுத்தார்கள். வழக்கு வேண்டாம் என்று முதலில் முடிவானது. அவர்கள் விடாமல் முறையிட்டு, நெடுங்காலம் கழித்து முடிவு மாறியது, தண்டனையும் கிடைத்தது. மேல்முறையீட்டில் நீதிபதிகள், இத்தகைய மறுபரிசீலனை பாதிக்கப்பட்டவரின் உரிமை, அதற்காக அவரை நீதிமன்றத்துக்கு அலைய விடக் கூடாது என்றார்கள். 2013 ஜூனில் அரசு வழக்குத் துறை ஒரு மறுபரிசீலனைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2012-ன் பாதிக்கப்பட்டோர் வழிகாட்டு ஆணையில், பதினொன்றாம் பிரிவில், இதே உரிமையை எழுதி வைத்தது.

இதன் பலம் அதன் எளிமை. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, ஒரு மின்னஞ்சல் போதும். சந்தேகிக்கப்பட்டவரின் பெயர் பொதுவில் வருவதில்லை. பலவீனம், மறுபரிசீலனை செய்பவரும் அதே துறையின் சம்பளக்காரர் என்பது. இன்னொரு பலவீனம் பலர் கண்ணில் படுவதில்லை. வழக்கு தொடங்கிய பின் அரசுத் தரப்பு 'சான்று எதையும் முன்வைக்கவில்லை' என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டால் அங்கேயே விடுதலை பதிவாகிவிடும். அதன் பிறகு மறுபரிசீலனையில் 'முதல் முடிவு தவறு' என்று தெரிந்தாலும் கதவு மூடிவிட்டது. மன்னிப்புக் கடிதம் ஒன்றுதான் மிச்சம். இந்தத் திட்டத்தைப் பின்பற்ற நினைக்கும் எவரும், முடிவு இறுதியாகும் முன் கேட்க வழி செய்யாவிட்டால் மிகவும் தேவைப்படும் இடத்தில் அது பயன்படாது.

நான்காவது, நீதிமன்றத்தின் கண்காணிப்பு. ஜெர்மனியில் சான்று இருந்தால் வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்பது அடிப்படை விதி; சிறு குற்றங்களுக்கு விலக்கு உண்டு. வழக்கைக் கைவிட்டால் புகார்தாரருக்குக் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் இரண்டு வாரத்துக்குள் மேலதிகாரியிடம் முறையிடலாம். அங்கும் மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மாநில மேல்நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் குற்றம் சாட்டும்படி உத்தரவே போடும். காகிதத்தில் இதைவிட வலுவான உரிமை அரிது. நடைமுறையில், வக்கீல் கையெழுத்திட்ட அந்த மனு முழு உண்மைகளையும் சான்றுகளையும் தனக்குள்ளேயே கொண்டிருக்க வேண்டும் என்ற கெடுபிடியில் பெரும்பாலானவை வாசலிலேயே விழுந்துவிடுகின்றன.

நெதர்லாந்தில் நேரடியாக நலன் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முறையிடலாம். அரசியல்வாதி கீர்ட் வில்டர்ஸின் இஸ்லாம் பற்றிய பேச்சுகளுக்கு வழக்கில்லை என்று 2008-ல் அரசு வழக்கறிஞர்கள் முடிவு செய்தார்கள். 2009 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், வழக்குப் போடு என்று உத்தரவிட்டது. வழக்கை நடத்தியவர்கள் அதே அரசு வழக்கறிஞர்கள். அவர்களே அவரை விடுதலை செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்டார்கள். 2011 ஜூனில் அவர் விடுதலையானார். மனமில்லாதவரைக் கட்டி இழுத்து வந்து வழக்கு நடத்தச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

இந்தியாவில் இந்த முடிவு அரசு வழக்கறிஞரிடம் அல்ல, காவல் துறையிடம் தொடங்குகிறது. வழக்கை முடித்துவைக்கும் அறிக்கை நீதித்துறை நடுவரிடம் போக வேண்டும். இந்த அறிக்கை பற்றிப் புகார்தாரருக்கு வரும் அறிவிப்பைத் தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் 'ஆர்.சி.எஸ். நோட்டீஸ்' என்பார்கள்; அங்கே அது தெரியாதவர் இல்லை. அறிக்கையை ஏற்கும் முன் புகார்தாரருக்கு அறிவிப்புக் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1985-ல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் ஆட்சேப மனு போடலாம். குற்றப்பத்திரிகை தாக்கல் செய் என்று போலீசுக்கு நடுவர் உத்தரவிட முடியாது என்று 1968-லேயே தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அறிக்கையை நிராகரித்து அவரே வழக்கை விசாரணைக்கு எடுக்கலாம், மேல்புலனாய்வுக்கும் அனுப்பலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய நடைமுறைச் சட்டம், அரசு வழக்கைத் திரும்பப் பெற மனுப் போடும்போது பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்கிறது. உரிமை நன்றாகவே இருக்கிறது. 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' (நடந்ததைத் தவறாகப் புரிந்துகொண்ட புகார்) என்ற மூன்று சொல்லோடு வரும் நோட்டீசுக்கு எதை ஆட்சேபித்து மனு எழுதுவது என்பதுதான் சிக்கல்.

ஐந்தாவது ஜப்பானுடையது, எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்க வைப்பதும் இதுதான். 1948 முதல் அங்கே அரசு வழக்கறிஞர் முடிவுகளை ஆராயும் குழுக்கள் இருக்கின்றன. வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கலில் எடுத்த 11 பேர், ஆறு மாதப் பதவி. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் கேட்டால் வழக்கில்லை என்ற கோப்பைத் திறந்து பார்ப்பார்கள். அறுபது ஆண்டுகள் அவர்கள் சொன்னது வெறும் ஆலோசனை. 2009 மே முதல், 11-ல் 8 பேர் குற்றம் சாட்ட வேண்டும் என்று இரண்டு முறை முடிவெடுத்தால் வழக்கு நடந்தே ஆக வேண்டும். அதை நடத்துவது, மறுத்த அதே அரசு வழக்கறிஞர்கள் அல்ல. நீதிமன்றம் நியமிக்கும் வெளி வக்கீல்கள். நெதர்லாந்து சறுக்கிய இடத்தை ஜப்பான் சரியாகப் பார்த்திருக்கிறது.

ஃபுகுஷிமா அணு உலை விபத்தில், அந்த உலையை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் மூன்று முன்னாள் உயரதிகாரிகள் மீது வழக்கில்லை என்று இரண்டு முறை அரசு வழக்கறிஞர்கள் சொன்னார்கள். பொதுமக்கள் குழு இரண்டு முறையும் மறுத்தது. 2016 பிப்ரவரியில் குற்றம் சாட்டப்பட்டு, 2019-ல் மூவரும் விடுதலையானார்கள்; மேல்முறையீடுகளும் நிற்கவில்லை. 2005-ல் 107 பேர் இறந்த அமகசாகி ரயில் விபத்திலும் ரயில் நிறுவனத்தின் முன்னாள் தலைவர்கள் இப்படியே விடுதலையானார்கள். இதை வைத்து முறை தோற்றுவிட்டது என்பவர்கள் உண்டு. பல ஆண்டுகள் குற்றவாளிக் கூண்டில் நின்று விடுதலையானவரின் இழப்பு சின்னதல்ல என்பது உண்மை. ஆனால் சுனாமி அலையின் உயரம் பற்றிய கணிப்பை எந்தக் கூட்டத்தில் யார் பார்த்தார்கள், ஏன் தள்ளிப் போட்டார்கள் என்பதெல்லாம் சாட்சிக் கூண்டில் வெளிவந்தது அந்த வழக்கால்தான்.

குழுவுக்கும் ஓர் ஓட்டை உண்டு. அது படிப்பது அரசு வழக்கறிஞர் கொடுக்கும் காகிதங்களை. அரசியல் தலைவர் இச்சிரோ ஓசாவா விவகாரத்தில் அப்படிக் கொடுக்கப்பட்ட ஒரு விசாரணை அறிக்கையில் நடக்காத உரையாடல் எழுதப்பட்டிருந்தது பின்னால் தெரிய வந்தது. 2012-ல் அவர் விடுதலையானார். குழுவின் கூட்டமும் மூடிய அறையில்தான். முடிவின் சுருக்கம் ஏழு நாட்கள் அறிவிப்புப் பலகையில் தொங்கும்.

எதை எடுப்பது? ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் நான் நீதிமன்றத்தையோ பொதுமக்கள் குழுவையோ எடுக்க மாட்டேன். காரணம் எழுதிய கடிதத்தை எடுப்பேன். மற்ற எல்லா முறையும் அதன் மேல்தான் நிற்கின்றன. காரணம் எழுதப்படாத கோப்பை ஜெர்மன் நீதிபதியாலும் சரிபார்க்க முடியாது, ஜப்பானின் பதினொரு பேராலும் முடியாது. அரசு வழக்கறிஞர்களின் மேசையில் மலைபோல் கோப்புகள் இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நீண்ட கடிதமா என்று கேட்பார்கள். சைக்கிள் திருட்டுக்கு வேண்டாம். மரணம், பாலியல் வன்முறை, அரசு அதிகாரி செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் ஆகிய மூன்றுக்கும் வேண்டும்.

அதற்கு மேல் சேர்க்க முடிந்தால் இரண்டு. சான்று இருந்தும் பொதுநலன் பேரில் கைவிடும் பெரிய குற்றங்களில், பெயர்களை மறைத்துக் காரணத்தைப் பொதுவில் போட வேண்டும். காவல் மரணம், போலீஸ் துப்பாக்கிச் சூடு போன்றவற்றில் பெயரோடும் முழு விளக்கத்தோடும் போட வேண்டும். 2000-லேயே இங்கிலாந்து நீதிமன்றம் ஒரு சிறை மரண வழக்கில், சட்டவிரோதக் கொலை என்று மரண விசாரணை ஜூரி சொன்ன பின் காரணம் சொல்லாமல் இருக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இந்த வகையில் மட்டும் ஜப்பான் பாணிக் குழுவையும் சேர்ப்பேன். தினமும் அதே போலீசாரோடு சேர்ந்து வேலை செய்யும் அரசு வழக்கறிஞர், அவர்களில் ஒருவரைப் பற்றி எடுக்கும் முடிவை அதே துறையின் மேலதிகாரி சரிபார்த்தால் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் சொன்ன கடிதம் இப்படி வந்திருக்கலாம்: "நீங்கள் சொன்னதை நாங்கள் பொய் என்று கருதவில்லை. உங்களோடு அன்று இருந்த இரண்டாவது சாட்சியைத் தேடினோம். பழைய முகவரியில் இல்லை. கடையின் கேமரா பதிவைக் கேட்டபோது அது அழிந்திருந்தது. முன்பே கேட்டிருக்க வேண்டும், கேட்காதது எங்கள் தவறு. இவை இல்லாமல் நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது என்று கருதுகிறோம். இந்த முடிவு முப்பது நாட்களுக்குப் பின் இறுதியாகும். அதற்குள் நீங்கள் கேட்டால், இதுவரை இந்தக் கோப்பைத் தொடாத ஒருவர் இதை முதலிலிருந்து படிப்பார்."

அதைப் படிப்பவர் பின்பக்கம் திருப்பிப் பார்க்க மாட்டார். இரண்டாவது சாட்சி வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டது அவருக்குத் தெரியும். அவருடைய புது எண் கைபேசியில் இருக்கிறது.